நான்கு அடி நடந்து காட்டு!

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. அப்பொழுது நான் வேறோர் ஊர்ப் பள்ளியில் உயிரியல் ஆசிரியையாக இருந்தேன். விளையாட்டு விழாவுக்கு ஒன்பது நாள்களே எஞ்சியிருந்தன. மாலை நேரம். கோ-கோ பயிற்சியில் பாய்ந்து ஓடிக்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, கம்பத்தைத் தொட்டுத் திரும்புகையில் கால் மடங்கி விழுந்தாள். கணுக்காலின் வெளிப்புறம் எங்கள் கண்முன்னேயே வீங்கத் தொடங்கியது.

சுற்றி நின்ற அனைவரும் ஒரு நொடியில் மருத்துவர் ஆகிவிட்டனர். “வெறும் சுளுக்குத்தான்” என்று ஒருத்தி பாதத்தைப் பிடித்து இழுத்தாள். இன்னொருத்தி விடுதிச் சமையலறைக்கு ஓடி நல்லெண்ணெயைச் சுடவைத்து எடுத்து வந்தாள். மூன்றாமவள் வாயிலில் நின்ற வண்டிக்காரரிடம் குச்சி ஐஸ் வாங்கி வந்தாள். “எந்திரிச்சு நடம்மா, நடந்தா சரியாப் போகும்” என்றார் காவலாளி. நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? அந்தச் சூடான எண்ணெயை வாங்கி என் கையாலேயே நன்றாக அழுத்தி நீவிவிட்டேன்! இரவெல்லாம் அந்தப் பெண் தூங்கவில்லை. மூன்றாம் நாள்தான் மருத்துவரிடம் போனோம். எக்ஸ்ரே படத்தில் கெண்டைக்காலின் வெளிப்புறத்து மெல்லிய எலும்பின் அடிநுனியில் விரிசல் தெளிவாகத் தெரிந்தது.

மருத்துவர் கோபிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “விழுந்த உடனே நாலு அடி நடந்தாளா?” இல்லை என்றேன். “அப்போ அன்னைக்கே கூட்டிட்டு வந்திருக்கணும் டீச்சர்” என்றார்.

மனித உடலில் 206 எலும்புகள் உண்டு என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவள் நான். ஆனால் விழுந்து கிடக்கும் ஒரு பெண்ணின் ஓர் எலும்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. உடல்நலமும் விளையாட்டு மருத்துவமும் வேலைக்கான ஆயத்தமும் மேல்நிலைப் பள்ளியிலேயே கற்கத்தக்க பாடங்களா, கற்றால் என்ன பயன், கற்றவள் எங்குப் போய்ச் சேர்வாள் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

முதலில் அந்த ‘நாலு அடி’க் கதை. கனடா நாட்டின் ஒட்டாவா நகரில் 1992-ஆம் ஆண்டு மருத்துவர் இயன் ஸ்டீல் என்பவரும் அவர் குழுவினரும் ஒரு விதியை வகுத்தனர். கால் மடங்கி வருவோர் அனைவருக்கும் எக்ஸ்ரே எடுத்து எடுத்து மருத்துவமனைகள் சலித்துப் போயிருந்தன. பெரும்பாலோர்க்கு எலும்பில் ஒன்றும் இருப்பதில்லை. யாருக்குப் படம் வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதைக் கையாலும் கண்ணாலும் கண்டறிய முடியுமா என்று அவர்கள் ஆராய்ந்தனர். விடை மிக எளியது. கணுக்காலின் இரு பக்கமும் புடைத்து நிற்கும் எலும்பு முண்டுகளின் பின்விளிம்பையும் நுனியையும் விரலால் அழுத்த வேண்டும். எலும்பின் மேலேயே வலி உண்டா? விழுந்த உடனேயும், பிறகு மருத்துவரிடம் வந்த போதும், நொண்டியாவது நான்கு அடி வைக்க முடிகிறதா? எலும்பின் மேல் வலி இருந்தாலோ, இரண்டு வேளையும் நான்கு அடி வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே தேவை. பாதத்தின் வெளி விளிம்பு நடுவிலும், உள்பக்க மேட்டிலும் உள்ள எலும்புகளுக்கும் இவ்வாறே ஒரு சோதனை உண்டு. உலகமெங்கும் அவசரப் பிரிவுகளில் இன்று இதைப் பின்பற்றுகின்றனர். இதைக் கற்க மருத்துவப் பட்டமா வேண்டும்? பதினாறு வயதுப் பெண்ணுக்கு ஒரு பாடவேளை போதும். ஒன்று மட்டும் நினைவில் வைக்கவும்: நடக்க முடியாதவளை வற்புறுத்தி நடக்க வைப்பது சோதனையன்று, கொடுமை.

அடுத்து, நான் தடவிய எண்ணெய். கால் மடங்கும்போது எலும்பை எலும்போடு பிணைக்கும் நார் இழுபட்டோ கிழிந்தோ போகிறது. அதனோடு சிறு இரத்தக் குழாய்களும் அறுபடுகின்றன. உள்ளே இரத்தம் கசிவதே வீக்கம். அந்நிலையில் சூடு வைத்தால் குழாய்கள் விரியும். அழுத்தி நீவினால் கசிவு மிகும். ஆகையால் முதல் இரண்டு மூன்று நாள்களுக்குச் சூட்டு ஒத்தடமும் தேய்ப்பும் கூடவே கூடாது. “பாட்டி காலத்திலிருந்து செய்கிறோமே” என்பீர்கள். பாட்டி கை வைத்தியத்தை நான் பழிக்கவில்லை. நாள்பட்ட முதுகுப் பிடிப்புக்கு வெந்நீர் ஒத்தடம் இதமே. அன்று மடங்கிய காலுக்கு அது ஆகாது என்பதே செய்தி.

குச்சி ஐஸ் வாங்கி வந்தவள்தான் எங்களுள் ஓரளவு சரியாகச் செய்தவள். ஆனால் அவள் கதையிலும் ஒரு திருப்பம் இருக்கிறது. 1978-இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின் தம் விளையாட்டு மருத்துவ நூலில் ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என நான்கையும் சேர்த்து ஒரு சொல்லாக்கினார். உலகெங்கும் பயிற்சியாளர்கள் அதை மந்திரம்போல் ஓதினர். சுமார் முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றபின் அதே மிர்க்கின், நீண்ட நேரம் பனிக்கட்டி வைப்பதும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தாமே எழுதினார். வீக்கம் என்பது உடல் தன்னைப் பழுதுபார்க்க அனுப்பும் படையும் ஆகும் அன்றோ! இன்று சொல்வது இதுதான்: வலி தணிய, துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து அல்லது பதினைந்து நிமிடம் வைக்கலாம், வெறும் தோல்மேல் வைத்தல் ஆகாது, எலும்பு முறிவு இல்லையென்று தெரிந்தால் ஓரிரு நாளுக்குப் பின் மெல்ல மெல்லக் காலை அசைக்கத் தொடங்க வேண்டும். தாம் எழுதியதைத் தாமே திருத்திக்கொண்ட அந்த மருத்துவரை எனக்கு மிகவும் பிடிக்கும். பாடநூலில் அச்சாகிவிட்டதாலேயே ஒன்று நிலைத்த உண்மை ஆகிவிடாது என்பதை மாணவியர் இப்படித்தான் கற்க வேண்டும்.

விளையாட்டு மருத்துவம் என்றால் அடிபட்டபின் செய்வது மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். அடிபடாமல் காப்பதே அதன் பெரும்பகுதி. நார்வே நாட்டில் 125 கால்பந்துச் சங்கங்களைச் சேர்ந்த 13 முதல் 17 வயது வரையுள்ள பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. அவர்களுள் ஒரு பகுதியினர்க்கு மட்டும் சுமார் இருபது நிமிட ஆயத்தப் பயிற்சி கற்றுத் தரப்பட்டது. மெதுவோட்டம், ஒற்றைக்காலில் நிற்றல், குதித்து இறங்குதல், தொடைப் பின்தசையை வலுவாக்குதல் ஆகியவையே பயிற்சிகள். கருவி ஒன்றும் வேண்டாம். அப்பயிற்சி செய்தோரிடம் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுங்காயங்கள் பாதியளவு குறைந்தன. காரணம் என்ன? வளரும் பருவத்துப் பெண்கள் குதித்து இறங்கும்போது முழங்கால்கள் உட்புறமாகச் சாய்கின்றன. முழங்காலுக்குள் இருக்கும் குறுக்கு நார் அந்த நொடியில்தான் அறுகிறது. முழங்காலை மடக்கி, பாதத்துக்கு நேர்மேலே நிறுத்தி இறங்கப் பழகினால் ஆபத்து குறைகிறது. இதற்குக் காசு பணம் எதுவும் செலவில்லை. நம் மைதானங்களிலோ, மணியடித்த மறுநொடியே விளையாட்டு. நடுவர் ஊதல் ஊதுவதுதான் நமக்கு ஆயத்தம்!

இன்னொரு காட்சி. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒருத்தி மயங்கி விழாத வாரம் எந்தப் பெண்கள் பள்ளியில் உண்டு? “காலையில் சாப்பிடவில்லையாம்” என்று சொல்லி ஒரு குவளைத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். ஆனால் பசி மட்டுமே காரணமாக எப்போதும் இருப்பதில்லை. 2019–21-இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களுள் நூற்றுக்கு 59 பேர்க்கு இரத்தசோகை. தமிழ்நாட்டுப் பெண்களிலும் பாதிக்கு மேற்பட்டோர்க்கு உண்டு. வளர்ந்த பெண்ணுக்கு நூறு மில்லி இரத்தத்தில் 12 கிராமாவது ஹீமோகுளோபின் இருக்க வேண்டும். அதுவே மூச்சுக்காற்றின் பிராணவாயுவைத் தசைக்குச் சுமந்து செல்லும் வண்டி. வண்டி குறைந்தால் ஓட்டக்காரி இருநூறு மீட்டரிலேயே இளைப்பாள்; படிப்பவள் இரண்டாம் பாடவேளையிலேயே சோர்வாள். மாதவிலக்கில் மாதந்தோறும் இரும்புச்சத்து வெளியேறுவதால் இது நமக்கென்றே வாய்த்த தொல்லை.

பள்ளிகளில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற மாத்திரை இதற்காகத்தான். அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. அதை வாங்கி ஜன்னலுக்கு வெளியே எறிவோர் யார் யார் என்பது எனக்குத் தெரியும், பெயர் குறிப்பிடவில்லை! “வயிற்றைப் புரட்டுகிறது டீச்சர்” என்பார்கள். உண்டபின் விழுங்கினால் புரட்டல் குறையும். விழுங்கியவுடன் தேநீர் குடித்தால் அதிலுள்ள துவர்ப்புப்பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், மாத்திரை வீண். அதற்கு மாறாக வைட்டமின் சி இரும்பை உடலில் சேர்க்கும். வைட்டமின் சி எங்கே இருக்கிறது? ஆரஞ்சுப் பழத்தைத் தேடிப் பழனிக்குப் போக வேண்டாம். எடைக்கு எடை ஆரஞ்சைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வைட்டமின் சி கொண்ட பழம் விடியற்காலையில் நம் ஆயக்குடிச் சந்தையில் கூடை கூடையாக இறங்குகிறது. நம் ஊர்க் கொய்யாவை லாரியேற்றி ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டு, நம் பிள்ளைகள் வெளிறிய முகத்தோடு வழிபாட்டில் விழுகிறார்கள் என்றால் அது விந்தையிலும் விந்தையே.

விளையாட்டு மருத்துவத்துக்கு நமக்கு வாய்த்த பெரிய செய்முறைக் களம் ஒன்று உண்டு. நாம் அதை அப்படிப் பார்ப்பதில்லை. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனியை நோக்கி இவ்வழியே நடந்து செல்லும் மக்களைச் சொல்கிறேன். ஓட்டப்பந்தய வீரர்களே அஞ்சும் தொலைவைச் செருப்பின்றி, பகலில் தார்ச்சாலையிலும் இரவில் இருட்டிலும் கடக்கிறார்கள். வழியெங்கும் அன்னதானப் பந்தல்கள், தண்ணீர்ப் பந்தல்கள். ஆனால் காலைப் பார்ப்பார் சிலரே. பாதத்தில் கொப்புளம் வருவது ஏன்? தோலின் மேலடுக்கும் கீழடுக்கும் உரசிப் பிரிந்து இடையில் நீர் கோக்கிறது. அந்த மேல்தோலே மிகச் சிறந்த கட்டு. அதைக் கிழித்து எறிவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சிறு கொப்புளத்தைத் தொடாமல் மூடிவைக்க வேண்டும். நடக்கவே முடியாத பெரிய கொப்புளமானால், கொதிக்கவைத்து ஆறிய தூய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை மட்டும் வடித்து, தோலை அப்படியே விட்டுத் தூய துணியால் கட்ட வேண்டும். நீரிழிவு உள்ளவர்க்கு இதையும் நாம் செய்யலாகாது; அவர்கள் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும், புண் ஆழமானாலும் தெரியாது; மருத்துவ முகாமுக்கே அனுப்ப வேண்டும்.

நடந்து வியர்த்துத் தளர்ந்தவர்க்கு நீரோடு உப்பும் தேவை. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில், தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் வீட்டுக் கரைசல். வயிற்றுப்போக்குக்குக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமே மேல். இந்தக் கரைசலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லையிலிருந்த பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துவிட்டது. மருத்துவர் திலீப் மகலநபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். அதை நோயாளிக்கு ஊட்டியவர்கள் யார்? செவிலியர் போதாமையால் தாய்மாரும் உடன்பிறந்தோருமே ஊட்டினர். நூற்றுக்கு முப்பது பேர் மாண்டுகொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கிற்று. இந்திய அரசு 2023-இல், அவர் மறைந்தபின், பத்மவிபூஷண் விருதளித்தது. “அரைகுறைப் படிப்பு ஆபத்து” என்று சொல்லிப் பள்ளியில் இவற்றைக் கற்பிக்கத் தயங்குவோர் பன்காவை நினைக்க வேண்டும். அளவு தெரிந்த சிறு அறிவு வேறு, அரைகுறை அறிவு வேறு. எனக்குச் சூடான எண்ணெயைத் தடவச் சொன்னது பின்னது.

சரி, இவையெல்லாம் பள்ளியில் பாடமாக உண்டா? அமெரிக்காவில் பல உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டு மருத்துவம் தனிப் பாடம். கணுக்காலுக்குப் பட்டை சுற்றவும், அடிபட்டவனைச் சோதிக்கவும் மாணவர்களே பழகுகின்றனர். அவ்வளவு தொலைவு போவானேன்? மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 1983–84-இல் தொடங்கிய தொழிற்கல்வி மேல்நிலைப் பள்ளிகளில் ஆய்வுக்கூட நுட்பம், இயன்முறை மருத்துவம், உடற்கல்வி எனப் பிரிவுகள் ஏற்பட்டன. நம் தமிழ்நாடோ இதற்கும் முந்தியது. பதினோராண்டுப் பள்ளிப் படிப்பும் கல்லூரியில் புகுமுக வகுப்பும் போய் 1978-இல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் உடன் வந்தது. அதே ஆண்டில்தான் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த மால்கம் ஆதிசேஷையா தலைமையிலான தேசியக் குழு, மேல்நிலைக் கல்வி செய்து கற்கும் கல்வியாக வேண்டும் என்று அறிக்கை தந்தது. தட்டச்சும் தையலும் வேளாண்மையும் இயந்திரமும் போலச் செவிலியமும் ஒரு பிரிவாயிற்று. இன்றும் சில பள்ளிகளில் அது இருக்கிறது.

அப்பிரிவில் என்ன கற்பிப்பர்? உடலமைப்பு, உணவு, நோய்த்தடுப்பு, தாய்சேய் நலம், முதலுதவி ஆகியவை ஏட்டுப்பாடம். நோயாளி கிடக்கும்போதே படுக்கை விரிப்பை மாற்றுதல், வெப்பம், நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் அளந்து குறித்தல், புண்ணைத் துடைத்துக் கட்டுதல், கருவிகளைக் கிருமி நீக்குதல் ஆகியவை செய்முறை. மருத்துவமனைக்குச் சென்றும் பழகுவர். படிக்கச் சிறிதாகத் தோன்றும். ஆனால் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிக்கும் நாடியைத் தவறாமல் எண்ண எத்தனை பேர்க்கு முடியும்? கட்டைவிரலால் நாடி பார்க்கும் பெண் தன் நாடியையே எண்ணிக்கொண்டிருப்பாள்! கட்டைவிரலிலேயே துடிப்பு உண்டு. ஆகவே நடுவிரல்களையே வைக்க வேண்டும்.

இவ்வளவு நல்ல பிரிவைப் பற்றிப் பெற்றோர் என்ன எண்ணுகின்றனர்? “மார்க் குறைஞ்ச பிள்ளைக்குத்தானே அந்தக் குரூப்பு” என்று. இந்தியா முழுவதற்கும் இதே நோய். 1986-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவருள் நூற்றுக்கு 25 பேரையாவது 1995-க்குள் தொழிற்கல்விக்குக் கொண்டுவர எண்ணியது, நடக்கவில்லை. 19 முதல் 24 வயது உழைப்பாளருள் முறையான தொழிற்கல்வி பெற்றோர் இந்தியாவில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு என்று 2012–17 திட்டக்கால மதிப்பீடு கூறிற்று. ஜெர்மனியில் 75, தென்கொரியாவில் 96. பிள்ளைகளை வகைபிரித்துக் கழித்துக்கட்டும் இடமாகப் பள்ளிகளே இப்பிரிவை நடத்தினால் வேறென்ன விளையும்?

ஆனால் மறுபக்கமும் உண்டு. அதை மறைத்து ஆசை காட்டுவது தவறு. ஒருமுறை சேர்க்கையின்போது ஒரு தாய் என்னிடம் வந்தார். கொய்யாத் தோப்பில் கூலி வேலை செய்பவர். “டீச்சருங்களா, இந்தக் குரூப்பு எடுத்தா எம்புள்ளை நர்சு ஆயிருமுங்களா?” என்று கேட்டார். ஆம் என்றும் சொல்ல முடியவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

உண்மை இதுதான். பி.எஸ்ஸி. செவிலியர் படிப்புக்குப் பொதுவிதிப்படி மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவை வேண்டும். தொழிற்கல்விச் செவிலியப் பிரிவு எடுத்தவள் இயற்பியலும் வேதியியலும் படித்திருக்க மாட்டாள். அந்தக் கதவு பதினைந்து வயதிலேயே, அவள் அறியாமலேயே, சாத்தப்பட்டிருக்கும். மூன்றாண்டு டிப்ளமோ செவிலியப் படிப்புக்கு வழி சற்று அகலம். எந்தப் பிரிவினர்க்கு இடம், யார்க்கு முன்னுரிமை என்பதை அவ்வாண்டு விளக்கக் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். இயன்முறை மருத்துவராக விரும்புவோர்க்கும் அறிவியல் பிரிவே வழி. விளையாட்டு மருத்துவ வல்லுநர் ஆவதோ எம்.பி.பி.எஸ். முடித்தபின் எம்.டி. என்னும் நெடும் பாதை. ஆகவே, பத்தாம் வகுப்பு முடிந்து பிரிவு கேட்கும் நாளன்று ‘எனக்கு எத்தனை மதிப்பெண்’ என்பதோடு, ‘நான் போக நினைக்கும் இடத்துக்கு எந்தப் பாடங்கள் வேண்டும்’ என்றும் கேட்க வேண்டும். மதிப்பெண் இருந்தும் வேலை விரைவில் வேண்டும் என்று தொழிற்கல்வி எடுப்பது அறிவான தேர்வே. தெரியாமல் எடுப்பதுதான் கண்ணீர்.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. ‘ஓராண்டில் நர்ஸ் ஆகலாம்’ என்று சுவரொட்டி ஒட்டும் இடங்கள் ஊர்தோறும் உண்டு. நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டுகிறார்கள். வெள்ளை உடையும் சான்றிதழும் கிடைக்கும். ஆனால் பதிவு கிடைக்காது. நம் மாநிலத்தில் செவிலியர் மன்றம் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. அதன் பதிவேட்டில் பெயர் ஏறாதவரைச் சட்டம் செவிலியராகக் கருதுவதில்லை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் செவிலியர் தேர்வுக்கும் அவரால் விண்ணப்பிக்க முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் அப்படி ஈராண்டையும் பணத்தையும் தொலைத்தாள். சேருமுன் அவள் கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்வி: “இதை முடித்தால் மன்றத்தில் பதிவு செய்வார்களா?”

அந்தத் தாயிடம் நான் பின்பு சொன்னது இவ்வளவே: “அம்மா, எங்கே போகணும்னு முதல்ல பிள்ளையைக் கேளுங்க. பிறகு வழியை நாம சேர்ந்து பார்ப்போம்.” அவர் மகள் அறிவியல் பிரிவையே எடுத்தாள். இயற்பியலில் முதல் பருவம் தோற்றாள், பிறகு தேறினாள்.

நம் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு முன்னோடி உண்டு. டாக்டர் சௌந்தரம் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அக்காலத்தில் அவ்வாறான பெண்ணுக்கு எந்த அறை ஒதுக்கப்படும் என்பதை உங்கள் பாட்டிமார் சொல்வர். அவரோ மீண்டும் பாடநூலைக் கையில் எடுத்து, தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்து 1936-இல் மருத்துவரானார். கணவர் ஜி. இராமச்சந்திரனோடு 1947-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார். கஸ்தூரிபா மருத்துவமனை வளர்ந்தது. கிராம சுகாதாரப் பணியாளர்க்குப் பயிற்சியளிக்கும் நிறுவனம் 1964-இல் உருவாயிற்று. மத்தியக் கல்வித் துணையமைச்சராகவும் அவர் பணியாற்றினார்.

வேலைக்கான ஆயத்தத்துக்கோ ஆயக்குடியே பெயர் பெற்ற ஊர். வெளியூர் இளைஞரிடம் ‘ஆயக்குடி’ என்று சொல்லிப் பாருங்கள். கொய்யா என்பார்கள், இல்லையேல் மரத்தடியில் நடந்த இலவசப் போட்டித் தேர்வுப் பயிற்சி என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனையோ ஊர்களிலிருந்து பேருந்தில் வந்து தரையில் அமர்ந்து படித்துப் பலர் அரசுப் பணிக்குச் சென்றனர். கட்டடமோ கட்டணமோ இன்றி அது நடந்தது. அங்கே கற்பிக்கப்பட்டது பாடம் மட்டுமன்று. அறிவிப்பை எப்படிப் படிப்பது, வயது வரம்பு என்ன, எந்தச் சான்றிதழ் எப்போது வாங்குவது என்பவற்றையும் மரத்தடியில் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துக்கொண்டனர். சாதிச் சான்றிதழில் தந்தை பெயரின் எழுத்து, மாற்றுச் சான்றிதழில் உள்ள எழுத்தோடு ஒத்திருக்கிறதா என்று உங்களுள் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? ஓர் எழுத்துப் பிழை பின்னாளில் மாதக்கணக்கில் அலைய வைக்கும். இன்று மாலையே வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

நம் பள்ளியில் செவிலியப் பிரிவு இல்லை. அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம் என்று இளஞ்செஞ்சிலுவைச் சங்கத்தார் முடிவு செய்துள்ளனர். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை உடற்கல்வி ஆசிரியை மனமுவந்து கொடுத்திருக்கிறார். முதல் வாரம் நாடி. இரண்டாம் வாரம் கணுக்கால். மூன்றாம் வாரம், பழனி சாலையில் நடப்போர் வருமுன், கொப்புளமும் கரைசலும். ஒன்பதாம் வகுப்பு முதல் யாரும் வரலாம். நொடிமுள் உள்ள கைக்கடிகாரம் வீட்டில் இருந்தால் கேட்டு வாங்கி வரவும். என்னிடம் இரண்டுதான் இருக்கின்றன.